ராகுகாலத்தில் ஸாம்ஸ்டாக்

மண்ணச்சநல்லூரில் அந்த அரிசி மில்லிலிருந்து வீரமலையைக் கேட்காமல் ஒரு லோடு வெளியே போகாது. அவர் முதலாளி இல்லை, வெறும் சூப்பர்வைசர்தான். ஆனாலும் லாரி எத்தனை மணிக்கு கேட்டைத் தாண்டலாம் என்பதில் முதலாளியே அவர் முகத்தைத்தான் பார்ப்பார். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் லீவில் இருந்தபோது மூன்றே காலுக்குக் கிளம்பிய லாரி ஒன்று வழியில் கவிழ்ந்து, டிரைவருக்கு ஒரு கால் போய்விட்டது. அன்றிலிருந்து ராகுகாலத்தில் கேட் திறப்பதில்லை. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர்கள் உண்டு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார், கேட்டை மட்டும் திறக்க மாட்டார்.

இப்படிப்பட்ட மனுஷன் முப்பத்தொன்பது வயதில், ஜெர்மன் பாஷையில் ஏழு கிழமைகளைச் சொல்லத் தெரியாமல் இரண்டு முறை பரீட்சையில் கோட்டை விட்டார்.

மனைவி மலர்க்கொடி நர்ஸ். ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் மகள் வேணியையும் அழைத்துக்கொண்டாள். கணவன் போவதென்றால் ஆரம்ப நிலைத் தேர்வில் தேற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் வாரத்தில் மூன்று நாள் மாலையில் மில் வேலையை முடித்துவிட்டு, தலைமுடியில் தவிட்டுத் தூசியோடு திருச்சிக்கு பஸ் ஏறி, பாசில் என்ற இளைஞர் நடத்திய வகுப்பில் போய் உட்கார்ந்தார் வீரமலை. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் அவரை அங்கிள் என்றார்கள்.

எழுதுவதில் பெரிய குறை இல்லை, பேச்சில்தான் வந்தது வினை. ஸோன்டாக், மோன்டாக், டீன்ஸ்டாக் என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பித்துவிட்டால் பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரி சனி வரைக்கும் கடகடவென்று ஓடிவிடுவார். நடுவில் ஒரு கிழமையைத் தனியாகப் பிடுங்கிக் கேட்டால் தீர்ந்தது. மேஜைக்கு அடியில் விரலை மடக்கி ஸோன்டாக்கிலிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டும். முதல் தடவை வியாழக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். அவர் நாலாவது விரலுக்கு வருவதற்குள் கேட்டவர் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். அதற்கப்புறம் தெரிந்ததும் வரவில்லை. இரண்டாம் தடவை அந்தப் பயத்திலேயே நாலு மார்க்கில் போயிற்று.

வீட்டிலும் இதே கதைதான். ஒருநாள் வீடியோ காலில் வேணி, டோனர்ஸ்டாக் எங்க ஸ்கூல்ல பாட்டு இருக்கு என்றாள். அவளுக்கு ஐந்து வயது. கிழமைகள் அவளுக்கு இப்போது ஜெர்மனில்தான் வருகின்றன. வீரமலை போனுக்குக் கீழே விரலை மடக்கி எண்ணி, வியாழக்கிழமையாம்மா என்று கேட்டபோது திரையில் குழந்தை இல்லை, விளையாடப் போய்விட்டாள். அன்று அவருக்கு வந்த அழுகை தோற்றதற்காகக்கூட வந்ததில்லை. சொந்தப் பிள்ளை எந்த நாளைச் சொல்கிறது என்று தெரியாத தகப்பனாகிவிட்டோமே என்று இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் மலர்க்கொடி தன் முடிவைச் சொன்னாள்.

"இந்தத் தடவையும் ஆகலைன்னா நான் எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேங்க. புள்ளைய பக்கத்து வீட்டுல தூங்க வச்சிட்டு எத்தனை நாளைக்கு நைட் டூட்டி பார்க்குறது? லெட்டர் ரெடியா வச்சிருக்கேன். மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன்."

அவள் கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. சமாதானமாகச் சொன்னாள். அந்த வேலைக்காக அவள் எத்தனை வருஷம் தூக்கம் கெட்டுப் படித்தாள் என்பது அவருக்குத் தெரியும். தன் நாக்கு புரளாததால் அவள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வருவதா? அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தபோது வகுப்பு நடுவில் மில் டிரைவர் அற்புதசாமி போன் செய்தார். வெள்ளிக்கிழமை காலையில் பத்தே முக்காலுக்கு லோடு எடுக்கலாமா என்று கேட்டார். வீரமலை யோசிக்கவே இல்லை. "பன்னெண்டுக்கு மேல எடுங்க" என்று வைத்துவிட்டார்.

பாசில் இதைக் கவனித்துவிட்டார். அதென்ன கணக்கு என்று கேட்டார். பிறகு விளையாட்டாக, புதன் என்றார். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை என்றார் வீரமலை. திங்கள்? ஏழரையிலிருந்து ஒன்பது. வியாழன்? ஒன்றரையிலிருந்து மூன்று. எந்த வரிசையில் மாற்றிக் கேட்டாலும் பதில் உடனே வந்து விழுந்தது. விரல்கள் மேஜைமேல் சும்மா கிடந்தன.

"அண்ணே, உங்களுக்கு வரிசையே வேணாம். அந்த நேரத்து மேலயே ஜெர்மன் பேரை ஒட்டிடுங்க" என்றார் பாசில்.

அப்படியே ஒட்டினார். மில் சுவரில் தொங்கிய காலண்டரில் ராகுகாலப் பட்டியலுக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்தார். ஒன்றரை மூன்று டோனர்ஸ்டாக். மூன்று நாலரை டீன்ஸ்டாக். மூட்டை எண்ணும்போதும் வாய் அதையேதான் முணுமுணுத்தது. சுமை தூக்குபவர்கள் அவருக்கு ஏதோ மந்திரோபதேசம் ஆகியிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். நாலே நாளில் எந்தக் கிழமையும் கேட்ட மாத்திரத்தில் வந்தது. அப்பாடா என்று இருந்தபோதுதான் தேர்வு மையத்திலிருந்து மெயில் வந்தது. பேச்சுத் தேர்வு, சனிக்கிழமை, காலை ஒன்பது நாற்பது.

சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை என்ன என்பது அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நேரத்தை மாற்றிக் கேட்டுப் பார்த்தார், முடியாது என்றார்கள். அடுத்த தேர்வு இரண்டு மாதம் கழித்துத்தான். மலர்க்கொடியின் கெடுவோ மாசக் கடைசி. போகாவிட்டால் நிச்சயம் தோல்வி, போனாலும் விளங்காது என்று மனம் அடித்துக்கொண்டது. கவிழ்ந்த லாரி கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று. கடைசியில் தானாக ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். நல்ல நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டால் கிளம்பிய நேரம்தான் கணக்கு. சனிக்கிழமை ஏழு மணிக்கே பஸ் ஏறி, எட்டேகாலுக்கெல்லாம் போய் மையத்தின் வாசலில் நின்றார். கேட் பூட்டியிருந்தது.

அவரோடு சேர்ந்து பேச வேண்டியவள் மாலினி, ஸ்ரீரங்கத்துப் பெண். கல்யாணமாகி ஆறு மாதம், புருஷன் ஜெர்மனியில் இருக்கிறான். கேட் திறந்தபின் இருவரும் தேர்வு அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது வீரமலையின் கண் சுவர்க் கடிகாரத்தைவிட்டு நகரவில்லை. மாலினி அதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கும் தெரியும் மாமா. ஆத்துல அம்மா புலம்பித் தீர்த்துட்டா. பெருமாள் பார்த்துப்பார், வாங்கோ."

உள்ளே இரண்டு பேர். கேள்வி கேட்பவர் ஒரு ஜெர்மன்கார அம்மா. பக்கத்தில் மார்க் போடுபவர், நெற்றியில் திருநீறு வைத்த நம்மூர்க்காரர். பெயர், ஊர், எழுத்துக்கூட்டல் எல்லாம் எப்படியோ ஓடியது. அடுத்து அட்டைகள். வேலை என்ற தலைப்பு; அட்டையில் வரும் சொல்லை வைத்து ஒருவர் மற்றவரைக் கேள்வி கேட்க வேண்டும். மாலினி ஒரு அட்டையை எடுத்தாள். அதில் இருந்தது ஸாம்ஸ்டாக். சனிக்கிழமை வேலை செய்வீர்களா என்று அவரிடம் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லி நிறுத்தியிருந்தால் போதும். ஆனால் ஸாம்ஸ்டாக் என்று காதில் விழுந்ததுமே பதில் தானாக வந்துவிட்டது. "யா. ஆபர் ஃபொன் நொய்ன் பிஸ் ஹால்ப் எல்ஃப் நிஹ்ட்." ஆமாம், ஆனால் ஒன்பதிலிருந்து பத்தரை வரை இல்லை.

ஜெர்மன்கார அம்மாவின் புருவம் உயர்ந்தது. ஏன் இல்லை என்று கேட்டார். இதற்கு வகுப்பில் விடை கிடையாது. வீரமலை தனக்குத் தெரிந்த சொற்களைத் துழாவி, நல்ல நேரம் இல்லை என்றார். அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது ஐம்பத்திரண்டு. இப்போதா என்றார். ஆமாம், இப்போதுதான் என்றார் வீரமலை. திருநீற்றுக்காரர் குனிந்து பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார், தோள் மட்டும் குலுங்கிற்று.

அப்படியானால் இன்று மட்டும் ஏன் வந்தீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். அவர் சிரிக்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"மைன ஃப்ராவ் இஸ்ட் டோர்ட்" என்றார் வீரமலை. என் பொண்டாட்டி அங்கே இருக்கிறாள்.

முடிவு புதன்கிழமை மெயிலில் வந்தது. மில் ஆபீசில் மணி பன்னிரண்டே முக்கால். கேட் சாத்தியிருந்தது, லோடு ஏற்றிய லாரி ஒன்று உள்ளே ஒன்றரைக்காகக் காத்து நின்றது. காலண்டர் எதிரேதான் தொங்கியது. வீரமலை ஒரு நிமிஷம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் திறந்தார்.

பாஸ்.

மலர்க்கொடியைக் கூப்பிட்டார். வேணி எடுத்தாள். இருமல் என்று அன்று ஸ்கூலுக்குப் போகவில்லை. பின்னால் மலர்க்கொடி நைட் டூட்டி முடித்த அலுப்போடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சொன்னார். அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்து, அவர் பார்க்கும்படி இரண்டாகக் கிழித்தாள். அப்புறம்தான் அழுதாள்.

அம்மா அழுவது வேணிக்குப் பிடிக்கவில்லை. போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, எப்போதும் போல அப்பாவுக்குப் பரீட்சை வைத்தாள்.

"அப்பா, இன்னைக்கு என்ன நாள் சொல்லுங்க."

"மிட்வொஹ்" என்றார் வீரமலை. குழந்தை இன்னும் திரையிலேயே இருந்தாள்.