அறியாது என்று சொன்ன அக்கா

தொண்ணூறுகளின் நடுவில் பாறசாலையில் ஒரு பாரலல் காலேஜில், அதாவது தனியார் டுட்டோரியலில், தமிழ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவி, மலையாளப் பத்திரிகையில் 'முன்விதி' என்று வருகிறதே, தமிழில் அதற்கு என்ன சொல் என்று கேட்டாள். முன்முடிவு என்றேன். அப்படியானால் முன்கணிப்பு? வானத்தைப் பார்த்துவிட்டு மழை வரும் என்றால் முன்கணிப்பு, பார்க்காமலே சொன்னால் முன்முடிவு என்று கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். நெய்யாற்றின்கரையிலிருந்து வந்திருந்த நல்ல சம்பந்தம் கைவிட்டுப் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் விசாரிக்க ஆள் வரும். டீக்கடையிலும் அடுத்த வீட்டிலும் சும்மா பேச்சுக் கொடுப்பதுபோலக் கேட்பார்கள். யாரும் யாரையும் குறை சொல்லமாட்டார்கள். நல்லது சொல்ல மனமில்லாதவர்கள் எங்கள் பேச்சில் 'எனக்கு அறியாது', அதாவது தெரியாது, என்பார்கள். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறிவிடுவார். குடி, காதல், பைத்தியம் எது வேண்டுமானாலும் அந்த வீட்டில் இருக்கலாம் என்று அதற்குப் பொருள்.

அப்படிச் சொன்னது, அடுத்த வீட்டுக்குப் புதிதாக வாடகைக்கு வந்திருந்த அக்கா. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். செருப்புகூட மாட்டாமல் போய் அவள் வாசலில் நின்றேன்.

"விசாரிக்க வந்தவியகிட்ட என்னவாக்கும் சொன்னிய?"

"உங்கள எனக்கு அறியாதுன்னு சொன்னேன். உள்ளது தானே டீச்சரே? நேத்து வந்தவ நான்."

"அப்படிச் சொன்னா இங்க என்ன அர்த்தம்னு தெரியாதா உங்களுக்கு?"

"எங்க அம்பூரியில அறியாதுன்னா அறியாதுதான்."

அவள் ஊரில் ரப்பர் தோட்டத்துக்குள் ஒன்றுக்கொன்று எட்டாத வீடுகள்; அக்கம்பக்கத்தில் விசாரிக்கிற வழக்கமே இல்லை. சொன்னதில் பொய்யும் இல்லை. கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் திரும்பினேன்.

என்னைக் குடைந்தது வேறொன்று. அந்த ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கவில்லை. வந்தார்கள், கேட்டார்கள், உண்மையான பதிலும் கிடைத்தது. இது கணிப்பா, முடிவா? வகுப்பில் நான் கொடுத்த விளக்கம் ஆட்டம் கண்டுவிட்டது. அம்மாவுக்கோ வேறு கவலை. ஒருமுறை சம்பந்தம் விலகிப்போன பெண்ணுக்கு இனி யார் வருவார்கள் என்று புலம்பி, அக்காவோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். நான் வேலியோரம் நின்று அக்காவோடு பேசப் பழகிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் இன்னொரு சம்பந்தத்துக்கு விசாரிக்க ஆள் வந்தது. அவர்களும் அக்காவிடமே போய் மாட்டினார்கள்.

"இந்தத் தடவ நல்லா அறியும்னு சொன்னேன்" என்றாள் சாயங்காலம். எனக்கு உயிர் வந்தது.

"பொறவு?"

"கோபக்காரி ஆக்கும், எங்கிட்டயே சண்டைக்கு வந்த ஆளுன்னும் சொன்னேன். உள்ளது தானே?"

அவள் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அம்மாவிடம் மூச்சுவிடவில்லை.

ஆனால் அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணமும் நடந்தது. கொஞ்சநாள் கழித்து, அதைக் கேட்ட பிறகும் ஏன் வந்தீர்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"அடுத்த வீட்டுக்காரி குறையையே வாய்விட்டுச் சொல்லியிருக்கா. இதுக்கு மேல ஒளிக்க ஒண்ணும் இருக்காதுன்னு அப்பவே முடிவு செய்திட்டேன்" என்றார்.

என் முகத்தைக்கூடப் பார்க்காமல் எடுத்த முடிவு. என் விளக்கப்படி சுத்தமான முன்முடிவு. அதை மட்டும் நான் திருத்தப் போகவில்லை.