மடைப்பள்ளியில் வந்தது சாமி இல்லை

அப்பன் முருகன் என் வீட்டுக்காரரை எனக்கு மீட்டுக் கொடுத்த கதை இது. எட்டு வருஷம் ஆகிறது. சொல்ல வாயெடுத்தால் இன்றைக்கும் எனக்குப் படபடக்கிறது!

அவர் திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமையல் செய்பவர். தலைமுறை தலைமுறையாகச் சாமிக்குச் சமைக்கிற குடும்பம். 1998 ஆனி மாதத்தில் அவருக்குத் தூக்கம் போனது. "தவலையில விஷம் கலக்கறாங்கடி, காதுல வந்து சொல்றாங்க" என்று புலம்ப ஆரம்பித்தார். வெளியே தெரிந்தால் அடுப்படிப் பக்கம் விடுவார்களா? ஆனிக் கடைசியில், உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று ஊருக்குப் பொய் சொல்லிவிட்டு, அரக்கோணத்தில் ஒரு மனநோய் டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஊசி போட்டார், மாத்திரையும் கொடுத்தார். நாங்கள் கிளம்பும்போது என்னமோ எச்சரிக்கையாகச் சொன்னார். என் காதில் ஏறினால்தானே! தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊசி போட்ட மூன்றாம் நாள் ஆடிக் கிருத்திகை. மலை முழுக்கக் காவடி, அரோகரா சத்தம். நான் தேங்காய்த் தட்டோடு வரிசையில் நிற்கிறேன். மடைப்பள்ளிப் பக்கம் ஒரே கூச்சல். இரண்டு பேர் இவரைத் தாங்கிப் பிடித்து மண்டபத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு நிற்கிறது. கண் மேலே செருகிவிட்டது. நாக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது.

"அப்பன் எறங்கிட்டான்டா! கற்பூரம் கொண்டாங்க!"

யாரோ மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார்கள். ஒரு அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து, "சாமி, எம் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆவும்னு ஒரு வாக்கு சொல்லு சாமி!" என்று கேட்டாள்.

நானும் விழுந்து கும்பிட்டேன். ஆமாம், நானும்தான்! சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாளும் பைத்தியம் என்று பயந்து செத்தேனே, சாமிதானா வந்திருக்கிறது!

எழுந்தபோது அவர் என் முந்தானையை இறுக்கிப் பிடித்தார். மேலே செருகிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வாயருகே காதை வைத்தேன்.

"வலி... வலிக்குதுடி..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்நிதிப் பக்கம் திரும்பி, எல்லார் முன்னாலும் கத்தினேன். "முருகா! நீதான் வந்திருக்கேன்னா எறங்கிப் போயிடு! நீ இல்லைன்னா யாரையாச்சும் அனுப்பு!"

சாமியையே விரட்டுகிறாளே என்று ஜனங்கள் என்னை முறைத்தார்கள். அப்போதுதான் மஞ்சள் புடவையில், தலையில் பால்குடத்தோடு நின்ற ஒரு பெண் அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"நான் நர்சுங்க. இவருக்கு ரெண்டு மூணு நாளுக்குள்ள ஏதாச்சும் ஊசி போட்டாங்களா?"

சுற்றி அவரோடு வேலை செய்கிற ஆட்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். இல்லை என்று சொன்னால் மானம் தப்பும். முருகா, நாக்கைக் கொடு என்று ஒரு நொடி கண்ணை மூடினேன்.

"ஆங், போட்டாங்க. மனசு சரியில்லாததுக்கு!"

கற்பூரத் தட்டோடு நின்றவர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். அந்த நர்சு மட்டும் என் தோளைத் தட்டினாள். "பயப்படாதீங்கக்கா. அந்த ஊசியாலதான் தசை இழுத்துகினு இருக்குது. இதுக்கு மாத்து ஊசி இருக்குது. சீக்கிரம் கெளம்புங்க!"

யாரோ ஒரு பக்தரின் காரில் மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவளும் கூடவே வந்தாள். மாற்று ஊசி போட்டார்கள். அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை! கழுத்து மெல்ல மெல்ல நேரானது. கண் கீழே இறங்கி என்னைப் பார்த்தது. வாய் திறந்து அவர் சொன்ன முதல் பேச்சு என்ன தெரியுமா?

"சக்கரப் பொங்கல் அடி புடிச்சிருக்கும். யாராச்சும் எறக்கினாங்களா?"

சிரித்தேனா அழுதேனா, எனக்கே தெரியவில்லை.

அந்தப் பாழாய்ப்போன மாத்திரையை எல்லாம் குப்பையில் கொட்டுகிறேன் என்று குதித்தேன். நர்சு என்னை ஒரு பிடி பிடித்தாள். "அந்தத் தப்ப மட்டும் பண்ணாதீங்கக்கா. நீங்களா நிறுத்தினா பழைய சத்தம் திரும்பி வரும். எழுதிக் குடுத்த டாக்டர்கிட்டயே போய்ச் சொல்லுங்க."

மறுநாளே போனோம். டாக்டர் மருந்தைக் குறைத்து, இழுப்பு வராமலிருக்க இன்னொரு மாத்திரையும் சேர்த்தார். அதற்கப்புறமும் கொஞ்ச காலம் கை நடுங்கியது, நடை மரக்கட்டையாக இருந்தது. ஒவ்வொன்றையும் மறைக்காமல் சொன்னோம். கடைசியில் வேறு மருந்துக்கு மாற்றினார்கள். நடுக்கம் போனது, காதில் கேட்ட சத்தமும் போனது! மடைப்பள்ளிக்குப் பொறுப்பான பெரியவர் என்ன சொன்னார்? "உடம்பு தேறட்டும்மா, அடுப்பு எங்க போவுது?" அவ்வளவுதான்! இதற்காகவா நான் ஊரெல்லாம் பொய் சொல்லிக்கொண்டு திரிந்தேன்!

அன்றைக்கு முருகன் எனக்கு அனுப்பியது ஒரு நர்சை. அதைவிட, உண்மையைச் சொல்ல ஒரு வாயைக் கொடுத்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். நம்பிக் கூப்பிடுங்கள், நிச்சயம் வருவான். டாக்டரிடம் எதையும் ஒளிக்காதீர்கள். யாருக்காவது சாமி வந்தால் தாராளமாகக் கும்பிடுங்கள். கும்பிடுவதற்கு முன்னால் கிட்டப் போய், வலிக்கிறதா என்று மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள்.