கொலர் தைத்தவள்

மாதச் சம்பளம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போதும் வயிறு எரியும். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த மவுசு அப்படி. வெங்காயம் நட்டு அரசாங்கக் கிளாக்கரைவிட இரண்டு மடங்கு உழைக்கிறவன்கூட, தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது பையனுக்கு மாதச் சம்பளம் உண்டா என்றுதான் முதலில் கேட்பான்.

சண்டையால் கொழும்பிலிருந்து சாமான் ஒழுங்காக வராத காலம். ரெடிமேட் உடுப்பு கண்ணில் படாது. எப்படியோ வந்து சேர்ந்த துணியைத் தைத்துத்தான் போட வேண்டும். நெல்லியடியில் ஒரு தையல்கடையில் நாங்கள் ஐந்து பெண்கள் வேலை செய்தோம். மின்சாரம் இல்லை. காலால் மிதிக்கிற மெசினுக்கு அது தேவையும் இல்லை. கடை முதலாளியை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம், அவரும் எங்களைப் பிள்ளையள் என்பார். முதலாளியிடம் கூலி கேட்கலாம், அண்ணையிடம் கேட்பதற்கு வாய் வராது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

பள்ளிக்கூடப் பையன்கள் போடுகிற வெள்ளைச் சேட்தான் எங்கள் பிழைப்பு. ஒரு சேட் முடித்தால் இவ்வளவு என்று காசு. அதில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை நான் ஒளித்து வைத்தேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா, கனடாவில் இருந்த புருஷனிடம் போகக் காத்திருந்தா. போகும்போது தன் தையல் மெசினை எனக்கே விலைக்குத் தருவதாகவும், அதுவரைக்கும் காசைச் சேர்க்கும்படியும் சொல்லியிருந்தா. அந்த மெசின் வீட்டுக்கு வந்துவிட்டால் நான் யாருடைய கடைக்கும் போகத் தேவையில்லை. வேறு எதற்கும் நான் ஆசைப்படவில்லை.

இந்த நேரம் பார்த்துக் கெட்டித்தனம் காட்டப் போனேன். எங்களில் ஒருத்தி தெறி, அதுதான் பொத்தான், பூட்டுவதில் சூரி, கழுத்துக் கொலர் தைக்கச் சொன்னால் அழுவாள். இன்னொருத்திக்குச் சேட்டின் கை நன்றாக வரும், பொக்கற் கோணும். எனக்குக் கொலர் நன்றாகப் படியும். அவரவருக்கு வாய்த்ததை மட்டும் அவரவர் தைத்தால் என்ன என்று கேட்டேன். செய்து பார்த்தோம். ஒரு கிழமைக்குள் மேசையில் சேட்டுகள் குவிந்தன. அண்ணைக்கு வாயெல்லாம் பல்.

“உம்மடை மண்டைக்குள்ளை இருக்கிறதுதான் பிள்ளை மூளை,” என்றார். எல்லோருக்கும் பணிசும் பிளேன்ரீயும் வாங்கித் தந்தார்.

சம்பள நாளில் கதை மாறியது. “இப்ப ஆர் எத்தினை சேட் தைச்சதெண்டு எப்பிடிப் பிரிக்கிறது பிள்ளையள்? எல்லாருக்கும் மாதச் சம்பளமாப் போடுறன். ஷெல் அடிச்சுக் கடை பூட்டினாலும் காசு வரும்.”

தொகையும் முந்தி நாங்கள் எடுத்ததற்குக் குறையவில்லை. நாங்கள் இளித்துக்கொண்டு நின்றோம். அன்று பின்னேரமே அம்மா வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குச் சொன்னா: “எங்கடை மூத்தவள் இப்ப மாதச் சம்பளம் எடுக்கிறாள்.” அடுத்த மாதம் கலியாணத் தரகர் ஒருவர் வீட்டுக்கு வந்து போனார். அவ்வளவு பெரிய மனிசியாகிவிட்டேன் நான்.

சேட் கூடிக்கொண்டே போனது. பருத்தித்துறையிலிருந்தும் கடைக்காரர் வந்து எடுத்தார்கள். பக்கத்து அறையும் அண்ணையின் கைக்கு வந்தது, பழைய மெசின்களுக்குப் பதில் புது மெசின்களும் வந்தன. சம்பளம் மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றது. சவர்க்காரமும் சீனியும் விற்ற விலையில், மெசினுக்கென்று சேர்த்த காசிலேயே கை வைக்க வேண்டி வந்தது. மூன்று மடங்கு சேட் தைத்துக்கொண்டு முந்தியைவிட ஏழையாகிக்கொண்டிருந்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அக்காவுக்குப் பயணம் சரிவந்துவிட்டது என்று ஒருநாள் சேதி வந்தது. அடுத்த மாதம் புறப்படுகிறாவாம். நான் நேரே அண்ணையிடம் போனேன்.

“எனக்கு மாதச் சம்பளம் வேண்டாம் அண்ணை. தைக்கிறதுக்கு ஏத்த மாதிரிக் காசு தாங்கோ.”

“ஓம், அதுக்கென்ன, தாறன்,” என்றார். இவ்வளவு லேசாகச் சம்மதிப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு கொலருக்கு எவ்வளவு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். அண்ணையிடம் விலை பேசுவதா என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

அந்த மாதம் பேய்மாதிரி மிதித்தேன். இடுப்பு விட்டுப்போனது. மாத முடிவில் அவர் தந்த காசு, மாதச் சம்பளத்திலும் குறைவு.

“என்னண்ணை இது? எல்லாச் சேட்டும் என்ரை கையாலைதானே போனது?”

“நீர் தைச்சது கொலர்தானே பிள்ளை. ஒரு சாண் துணி. அதுக்கு நான் சேட்டின்ரை காசு தரேலுமே?”

“நான் முழுச் சேட் தைக்கேக்கை கொலருக்குத்தான் அரைவாசி நேரம் போனது.”

“அது முந்தி. இப்ப நீர் கண்ணை மூடிக்கொண்டு தைக்கிறீர். சுகமான வேலைக்கு ஆர் பிள்ளை கூடக் காசு தருவினம்?”

மற்ற நாலு பேரும் தலையைக் குனிந்தபடி மிதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலைத் தூக்கி மேசையில் அடித்தேன். அவர் கோபிக்கக்கூட இல்லை.

சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பள்ளிக்கூடம் விட்டு, சந்தி முழுக்க வெள்ளைச் சேட்டுகள். யாருடைய கழுத்தைப் பார்த்தாலும் என் கொலர். நான் ஒரு சேட்டும் தைக்கவில்லையாம்.

அந்தக் கிழமையே அக்கா மெசினை வேறு யாருக்கோ விற்றுவிட்டா. அவவைக் குறை சொல்ல முடியாது, பயணத்துக்குக் காசு வேண்டும். வீட்டிலோ தரகர் மறுபடி வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். நான் திரும்பவும் கடைக்குப் போய், பழையபடி மாதச் சம்பளமே போடுங்கோ அண்ணை என்று கேட்டேன்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.