பதினொரு சட்டைகளும் சீப்பு ஸ்கேலும்

அழகி வெட்டிய துணியை எங்கள் ஷெட்டில் யாரும் மறுபடி அளந்து பார்ப்பதில்லை. திருமயத்திலிருந்து புதுக்கோட்டை போகும் வழியில், ரோட்டை விட்டுச் சற்று உள்ளே, தகரம் போட்ட ஷெட். துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்துப் போர்வையாக்கி வெளியூருக்கு அனுப்புகிறோம். தைக்கப் பதினாலு பேர் இருக்கிறோம். வெட்டுவது அழகி ஒருத்திதான்.

வல்லத்திராக்கோட்டையில் பிறந்து எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். மகன் அருண்குமார் நாலாவது படிக்கும்போது புருஷன் பாம்பு கடித்து இறந்துவிட்டான். அதற்கப்புறம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். அந்தப் பால் பட்டு விரலெல்லாம் தோல் உரிந்து, சோறு பிசைய முடியாமல் போன பிறகுதான் இங்கே வந்தாள்.

சீப்பு ஸ்கேல் என்று நாங்கள் சொல்வது கண்ணாடி மாதிரி இருக்கிற கனத்த பிளாஸ்டிக் பலகை. சீப்பின் பல் இடைவெளி போல நீளமான காடிகள் அதில் வரிசையாக இருக்கும். ஒரு காடிக்கும் அடுத்ததற்கும் இரண்டரை அங்குலம். பலகையைத் துணிமேல் வைத்து, ஒவ்வொரு காடிக்குள்ளும் சக்கரக் கத்தியை ஓட்டினால், பலகையை நகர்த்தாமலே துணி பட்டை பட்டையாக வந்துவிடும். பார்க்கச் சுலபம். ஆனால் கத்தி கொஞ்சம் சாய்ந்தாலும் ஸ்கேலைச் சீவிவிடும். ஒரு தடவை சீவின காடி அகன்றுபோகும். அப்புறம் கத்தி அதற்குள் ஆடிக்கொண்டே போகும், பிளேடும் வீணாகும்.

வந்த முதல் மாதத்தில் அழகி இரண்டு ஸ்கேலை அப்படிக் கெடுத்தாள். பிறகு பிடிபட்டுவிட்டது. நாலு மடிப்புக்கு மேல் துணி அடுக்கமாட்டாள். இடது கையை விரித்து ஸ்கேலை அமுக்கிக்கொண்டு, தன் பக்கத்து நுனியில் கத்தியை நட்டமாக இறக்கி, எதிர்ப்பக்கம் ஒரே ஓட்டமாக ஓட்டுவாள். பின்னால் இழுப்பது கிடையாது. நூல் அறுபடாமல் நின்றால் அழுத்தமாட்டாள், பிளேடை மாற்றுவாள். சாயந்தரம் ஒவ்வொரு காடியிலும் பழைய நைஸ் துணியை விட்டுத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். காடியோரம் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் போதும், அன்றைக்கு அவள் முகமே செத்துப்போகும். கத்தி ஸ்கேலைத் தின்கிறது என்று அர்த்தம்.

ஆயுத பூஜைக்குச் சாமான்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது என் பொறுப்பு. வருஷா வருஷம் அழகி அந்த ஸ்கேலை மட்டும் என் கைக்குக் கொடுக்கமாட்டாள்.

“இதுக்கு வேணாங்க்கா. மேல ஒரு பூவ வச்சிருங்க, போதும்.”

“அதுவும் ஆயுதந்தானத்தா.”

“முத்தக்காவ விட்டா மிஷினுக்கே மொட்டையடிச்சுக் காது குத்திருவாங்க” என்பாள். ஷெட்டே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டு ஒரு பூவை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

போன ஆடியில் அருண்குமார், வேலைக்குப் போயிருந்த சவுதியில், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தான். இருபத்தொன்பது வயது. உடம்பு வர இருபது நாள் ஆனது. அதற்குப் பிறகு, அவனோடு ரூமில் இருந்த ஒரு பையன் லீவில் வந்தபோது பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். அதில் பதினொரு சட்டைகள் இருந்தன.

இறந்தவர் உடுத்தின துணியை எங்கள் பக்கம் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. கம்மாய்க்கரையில் போட்டு எரிக்கச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

“வெட்டிட்டா அது துணிதானக்கா” என்றாள் அழகி. “அப்புறம் அதை யாரு சட்டையிங்கிறது?”

மருமகள் இந்துமதி, இரண்டு வயதுப் பிள்ளையோடு ஆலங்குடியில் இருக்கிற தாய் வீட்டுக்கே போவதாக முடிவாகியிருந்தது. பிள்ளைக்கு ஒரு போர்வை, தனக்கு ஒரு போர்வை. இதுதான் அழகியின் கணக்கு. சட்டைகளைப் பிரித்து விரித்து அளந்து பார்த்தாள். ஒரு பட்டைகூட மீதமில்லாமல் இரண்டு போர்வைக்குச் சரியாக வந்தது. குறைந்தால் வாங்கிச் சேர்க்கிற துணியில்லை அது.

துக்க வீடு என்பதால் அந்த வருஷம் பூஜைக்கு அவள் வரவில்லை. அவள் மேசை வெறுமனே கிடப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு அடிபட்டவளுக்கு அம்மன் துணை வேண்டாமா என்று நினைத்தேன். அழகி பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டு, மற்றதற்கெல்லாம் வைத்ததைவிடத் தாராளமாக, சீப்பு ஸ்கேலின் மேல் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்துப் பூசினேன். மறுநாள் ஈரத்துணியால் மேலாகத் துடைத்துவைத்தேன். காடிக்குள் இறங்கின சந்தனம் காய்ந்து இறுகியிருந்ததை நான் பார்க்கவில்லை.

அதற்கடுத்த நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேசையை அவளுக்கு விட்டுக் கொடுத்தார் முதலாளி சண்முகம் அண்ணன். அழகி காலர், பட்டன், பாக்கெட் எல்லாம் எடுத்து, தேய்த்து, நாலு நாலு மடிப்பாகக் கொண்டுவந்திருந்தாள்.

“யக்கா, துணிய நீங்க வச்சு வச்சு எடுங்க. நான் ஓட்டுறேன்.”

“நீ பாத்து வைக்க மாட்டியா?”

“பாக்க முடியாதுக்கா. காடி இருக்கே, அது கூட்டிக்கிட்டுப் போயிரும்.”

இடது கையால் ஸ்கேலைத் தடவி அமுக்கிக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கத்தி போனது. நான் பட்டைகளை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த மடிப்பை வைத்தேன். மறுபடி கத்தி போனது.

இரண்டாவது மடிப்பில் ‘கரகர’ என்று ஒரு சத்தம் கேட்டது. சட்டையின் தையல் முடிச்சாக இருக்கும் என்று நினைத்தேன். நீலச் சட்டைப் பட்டை ஒன்றில் மஞ்சளாகச் சந்தனம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் என் கண் கலங்கியது. அம்மனே வந்து அருண்குமார் சட்டையைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். அழகியிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், கை தவறும் என்று பயம். கடைசி மடிப்புவரைக்கும் நானே வைத்து வைத்து எடுத்தேன்.

முடிந்ததும் அழகி திரும்பி ஸ்கேலை வெளிச்சத்தில் தூக்கினாள். காடிகள் ஓரம் பல் பல்லாகச் சீவியிருந்தது. சந்தனக் கட்டி கத்தியைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி, அது பிளாஸ்டிக்கைத் தின்றிருக்கிறது. அவள் விரலால் வழித்து மோந்து பார்த்தாள்.

“பூசுனீங்களா?”

“பூசுனேன்த்தா.”

கூடையைக் கவிழ்த்து ஒவ்வொரு பட்டையாக அளந்தாள். ஒரு நுனியில் இரண்டரை இருந்தால், மறு நுனியில் இரண்டேகால், நடுவில் வளைவு. இப்படியே தைத்தால் போர்வை படியாது, அங்கங்கே உப்பிக்கொண்டு நிற்கும். பட்டைகளை நிமிர்த்தி வெட்ட வேண்டும். வெட்டினால் இரண்டு அங்குலத்துக்குக் குறைந்துவிடும். பாதிப் பட்டைகள் அதற்கும் தாங்காது.

“ஒரு போர்வைக்குத்தான் வரும்” என்றாள்.

நான் மஞ்சள் கறையைப் பார்த்ததையும், சத்தம் கேட்டதையும், ஒன்றும் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். காலில் விழுந்திருப்பேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“சாமிக்கின்னு செஞ்சீங்க. நாந்தான் பாத்து வெட்டியிருக்கணும்.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாலு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள், “வெள்ள நூலு இருந்தா குடுங்கக்கா” என்று வந்து நின்றாள். அந்த நாலு நாளும் சாப்பாட்டு நேரத்தில் அவள் என்ன செய்தாள் என்றால், சாதாரண ஸ்கேலை வைத்து ஒவ்வொரு பட்டையையும் கண்ணால் பார்த்துப் பார்த்து நிமிர்த்தி வெட்டினாள். எதைப் பார்க்க முடியாதென்று ஜன்னல் பக்கம் திரும்பினாளோ, அதை ஒவ்வொன்றாக, மகன் போட்டிருந்த சட்டைகளின் கோடு, கட்டம், பூ எல்லாவற்றையும் பார்த்து வெட்ட வேண்டியதாகிவிட்டது. நான் கிட்டே போகவில்லை. அம்மனிடமும் அந்த நாட்களில் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை.

ஐப்பசி கடைசியில் இந்துமதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். போர்வையை விரித்துப் பார்த்து, ஒரு நீலப் பட்டையில் கையை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றாள்.

“ஒங்களுக்கு எங்க அயித்தே?”

“வெட்டி வச்சிருக்கு. தைக்கத்தான் நேரமில்ல.”

“தச்சதும் போட்டோ அனுப்புங்க.”

“அனுப்புறேன்த்தா. இதைப் பச்சத் தண்ணியிலதான் அலசணும். முறுக்கிப் பிழிஞ்சிராத.”

நான் மிஷினில் குனிந்துகொண்டேன். பிள்ளை அதற்குள் போர்வையின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியிருந்தது. அழகி அதை மெல்ல எடுத்துவிட்டு, மடித்து, கட்டைப்பையில் வைத்துக் கொடுத்தாள்.

பஸ் ஏற்றிவிட்டு வந்தவள் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“அலசாம வச்சிருந்தா கொஞ்ச நாளைக்கு அவன் வாசன இருந்திருக்கும்க்கா” என்றாள். “சின்னப் புள்ள படுக்கிறது. அலசித்தானே ஆகணும்.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வெட்ட வேண்டிய துணி காத்துக்கிடக்கிறது என்று எழுந்து போனாள்.