ஃபோல்டரில் இருந்த குரல்

எழுத்துக்காரருக்கு அலுவலகம் என்று தனியாக எதுவும் கிடையாது. வாடகை மாடி அறையில் ஜன்னலோரம் கிடக்கும் ஒரு மேசைதான் எல்லாம். அதில் இடது பாதி அவருடையது, வலது பாதி மனைவியின் தையல் மிஷினுடையது.

அவருடைய பாதியில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. பேட்டரி உப்பிப்போய் அதைக் கழற்றிப் போட்டு வெகுகாலமாயிற்று. பிளக்கைப் பிடுங்கினால் அந்த நொடியே மூச்சை விட்டுவிடும். அதன் விசைகளில் பாதி அழுந்தாது என்பதால் வேறொரு கீபோர்டு அதன் முதுகில் சவாரி செய்கிறது. பக்கத்தில் காதை மூடும் ஹெட்போன். ஒலிப்பதிவு செய்ய ஒரு போன். இவை அத்தனைக்கும் ஒயர்கள்.

"உங்க பக்கம் ஒயரு, என் பக்கம் நூலு. என்னிக்காவது அவசரத்துல உங்களையும் சேத்துத் தச்சிடப் போறேன்" என்பாள் மனைவி.

அவர் சிரித்துக்கொள்வார். கைநாட்டு வைத்த குடும்பத்தில் முதல் பட்டதாரி அவர். விதைநெல் வாங்கப் போன இடத்தில்கூட அவருடைய அப்பா, "என் பையன் கம்ப்யூட்டர்லயே புஸ்தகம் எழுதறான்" என்று சொல்லாமல் திரும்பமாட்டார். படித்ததற்கு ஏற்ற வேலை என்று ஊர் நினைக்கும் நாற்காலி ஏதும் கிடைக்கவில்லைதான். ஆனால் துணி துவைக்கும் எந்திரத்தை எப்படி இயக்குவது என்பதில் தொடங்கி, யாரோ ஒருவர் ஓய்வு பெறும் விழாவில் இன்னொருவர் படிக்கப்போகும் பாராட்டுரை வரை எழுதிக் கொடுத்து, யாருக்கும் கைகட்டி நிற்காமல் குடும்பம் நடத்துகிறார். அது சும்மா வந்துவிடவில்லை.

எல்லா வேலையிலும் அவருக்குப் பிடித்தது பிறர் வாழ்க்கையைப் புத்தகமாக்குவது. அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். ஆள் பேசும்போது குறிப்பு எடுக்கமாட்டார். முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்செல்லாம் முடிந்த பிறகுதான் ஹெட்போனை மாட்டி முதலிலிருந்து கேட்பார். அதுவரை ஒரு வரிகூட அடிக்கமாட்டார். "பாதியில எழுத உக்காந்தா பாதி மனுஷன்தான் வருவான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஒலிப்பதிவு போனில் விழும். போனிலிருந்து தானாகவே இணையச் சேமிப்புக்குப் போகும். அங்கிருந்து லேப்டாப்பில் வந்து உட்காரும். மூன்று இடத்தில் இருக்கிறது, மூன்றும் ஒரே நேரத்திலா போய்விடும் என்பது அவருடைய கணக்கு.

அன்று காலை அவர் லேப்டாப்பைத் திறந்துகொண்டிருக்கும்போதே ஏலக்காரரின் மகள் போனில் அழைத்தாள்.

ஏலக்காரர் காய்கறி மண்டியில் விடியற்காலை ஏலம் விட்டே வாழ்ந்தவர். மூட்டைமேல் ஏறி நின்று அவர் குரல் கொடுத்தால் தெருக்கோடியில் இருப்பவனும் விலை சொல்லுவான். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை அப்படியே எடுத்தாக வேண்டும், வேறு வழியில்லை என்றார் டாக்டர். அதற்குள் அப்பாவின் கதையை அவர் வாயாலேயே பதிவு செய்து புத்தகமாக்க வேண்டும் என்று மகள்தான் எழுத்துக்காரரைத் தேடி வந்தாள். பல மாலைகள் உட்கார்ந்து பேசி முந்தாநாள்தான் முடித்தார்கள்.

"சார், இன்னிக்கு மத்தியானம் ஆபரேஷன். உள்ள போறதுக்கு முன்னாடி தன்னோட ஏலக் கூவலை ஒருதடவை கேக்கணும்னு அப்பா ஆசைப்படறார். அன்னிக்கு கூவிக் காட்டினாரே, அதை மட்டும் இப்ப அனுப்பறீங்களா?"

"இதோ அனுப்பறேன்மா."

சொல்லிக்கொண்டே ஃபோல்டரைத் திறந்தார். வெள்ளையாக இருந்தது. வேறு ஃபோல்டரைத் திறந்துவிட்டோமோ என்று பெயரைப் பார்த்தார். 'ஏலக்காரர்' என்றுதான் இருந்தது. இணையத்தில் போய்ப் பார்த்தார். அங்கேயும் அதே வெள்ளை. போனை எடுத்தார். போனில் இருக்காது என்பது அவருக்கே தெரியும்.

நேற்று போனில் இடமில்லை என்று வந்தது. இணையத்தில் காப்பி இருக்கிறதே என்று பதிவுகளை அழித்தார். கொஞ்ச நேரத்தில் இணையச் சேமிப்பும் நிறைந்துவிட்டது என்று வந்தது. அங்கே குப்பைத்தொட்டி நிறையக் கிடந்ததைப் பார்த்து, பழைய குப்பைதானே என்று அதையும் காலி செய்தார். அவர் அந்த ஏற்பாட்டை மூன்று இரும்புப்பெட்டிகள் என்று நம்பியிருந்தார். அது ஒரே பொருளைக் காட்டும் மூன்று கண்ணாடிகள். போனில் அழித்ததும் மற்ற இரண்டிலும் தானாக அழிந்திருக்கிறது. அவர் குப்பை என்று கொட்டியது ஏலக்காரரின் குரலைத்தான். இதற்குமுன் எந்த வேலையிலும் பேச்சு இவ்வளவு நீண்டதில்லை, போன் நிறைந்ததுமில்லை. அதனால் இந்தப் பள்ளம் இத்தனை நாள் கண்ணில் படவேயில்லை.

ஒரு வரிகூட அடித்து வைக்கவில்லை. குறிப்பும் இல்லை. ஒரு காப்பி எனக்கும் அனுப்புங்கள் என்று அந்தப் பெண் கேட்டபோது, எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திச் சேர்த்துத் தருகிறேன் என்று பெரிய மனுஷன் போலச் சொல்லியிருந்தார்.

"என்னங்க, முகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு?" என்று மிஷினை நிறுத்தினாள் மனைவி.

சொன்னார். அவள் எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள்.

அழித்ததை மீட்டெடுக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கி லேப்டாப்பில் ஓடவிட்டார். திரையில் ஒரு பச்சைக்கோடு நத்தையாய் நகர்ந்தது. மீதி நேரம் என்று அது காட்டியது ஆபரேஷன் நேரத்தைத் தாண்டிப் போனது. கொஞ்சம் குறையும், மறுபடி ஏறும்.

"இது முடிஞ்சா கிடைச்சிடுமா?"

"கிடைக்கலாம்."

"கிடைக்கலைன்னா?"

அவர் அந்தப் பச்சைக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் மறுபடி அடித்தது. மகள்தான். எடுக்கவில்லை.

"ஏங்க, ஒன்னு கேக்கறேன். அந்தப் பெரியவர் இப்ப பேசுவாரா?"

"கம்மின குரல்ல பேசுவார். மத்தியானம் வரைக்கும்."

"அப்ப இங்க உக்காந்து எதைப் பாத்துட்டிருக்கீங்க? ஆள் அங்க உசுரோட இருக்கார், குரலோட இருக்கார். நீங்க இங்க கோட்டைப் பாத்து சாமி கும்பிட்டுட்டிருக்கீங்க!"

"போய் என்னன்னு சொல்றது? தொலைச்சிட்டேன்னா?"

"ஆமா. தொலைச்சிட்டேன்னுதான். இதுக்கு வேற சொல்லு நீங்க படிச்ச படிப்புல இருக்கா?"

லேப்டாப்பைக் கையோடு தூக்கிக்கொண்டு போகவும் வழியில்லை. பிளக்கை எடுத்தால் தேடலும் செத்துவிடும். "நான் பாத்துக்கறேன். மிஷின் ஓட்டமாட்டேன், யாரையும் ஸ்விட்ச் பக்கம் விடமாட்டேன். நீங்க கிளம்புங்க" என்று அவரைப் படியில் தள்ளாத குறையாக அனுப்பினாள்.

பேருந்தில் உட்கார இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓட்டுநர் வேண்டுமென்றே நிற்பதுபோல இருந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் போனில் இருந்ததையெல்லாம் அழித்துக்கொண்டே போனார். படங்கள், விளையாட்டுகள், பழைய வேலைகள். ஒவ்வொன்றுக்கும் நிச்சயமாகவா என்று போன் கேட்டது. ஒவ்வொரு முறையும் பெயரை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அழுத்தினார்.

ஆஸ்பத்திரி வார்டு வாசலிலேயே மகள் நின்றாள். "வந்துட்டீங்களா சார்! போன் எடுக்கலைன்னதும் பயந்துட்டேன். கொண்டாந்துட்டீங்கல்ல?"

"இல்லம்மா. எல்லாம் அழிஞ்சுபோச்சு. நான்தான் அழிச்சிட்டேன். தெரியாம."

அவள் புரியாததுபோல் பார்த்தாள். பிறகு புரிந்தது.

"எல்லாம்னா?"

"எல்லாம். ஒன்னுகூட இல்ல."

"வெளிய போங்க." குரல் உயரவில்லை. "தயவுசெஞ்சு போங்க. இன்னிக்கு நான் கத்தக்கூடாதுன்னு இருக்கேன்."

"இன்னும் நேரம் இருக்கும்மா. இப்ப எடுத்துடலாம்."

"எதை? அவ்வளவு நாள் பேசினதையா? அப்பாவைப் பேசவிடாதீங்கன்னு நர்ஸ் இப்பதான் சொல்லிட்டுப் போறாங்க. உங்களை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

"பாப்பா" என்று உள்ளேயிருந்து ஒரு கரகரப்பு வந்தது. மரத்தில் அரம் ஓடுகிற மாதிரியான சத்தம். "எழுத்துத் தம்பியை உள்ள விடு. வாசல்ல நின்னு பேசினா வார்டே கேக்குது."

ஏலக்காரர் பச்சை உடுப்பில் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார். "போச்சா?"

"போச்சு ஐயா."

"நான் சொன்ன பொய்யெல்லாம் சேத்தா?"

"எல்லாம் சேத்துத்தான் ஐயா."

"அப்ப பாதி நல்லதாப் போச்சு" என்று சிரிக்கப் போனவர் இருமினார். மகள் தண்ணீர் கொடுக்க எடுத்துவிட்டு, இன்று கொடுக்கக் கூடாது என்று நினைவு வந்து கீழே வைத்தாள்.

"அப்பா, நீங்க பேசாதீங்க."

"மத்தியானத்துக்கு மேல பேசவே போறதில்லையே பாப்பா, அப்புறம் எதுக்கு மிச்சம் பிடிக்கணும்? தம்பி, உன் போன் பெட்டியை எடு. அது ஒன்னு போதுமா உனக்கு?"

போதாது. அது அவருக்கே தெரிந்திருந்தது. தன் போனைத் தலையணைமேல் வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். அவள் ஒரு கணம் முறைத்தாள். பிறகு தன் போனையும் எடுத்து வைத்தாள். பக்கத்துக் கட்டில்காரர், கால் ஒடிந்தவர், "என்னோடதையும் வச்சுக்குங்க. சும்மாதான கிடக்கு" என்று நீட்டினார்.

ஏலக்காரர் மூன்று போனையும் பார்த்தார். சுற்றியிருந்த கட்டில்களைப் பார்த்தார். முதுகை நிமிர்த்தினார். உட்கார்ந்த இடத்திலேயே ஆள் ஒரு முழம் உயர்ந்த மாதிரி இருந்தது.

"பாத்துக்க, பாத்துக்க! இரும்புக் கட்டில் ஒன்னு, மெத்தை ஒன்னு, போர்வை ஒன்னு. மேல உக்காந்திருக்கற கிழவன் இலவசம்! கேளு, கேளு, யார் கேக்கறா?"

"அம்பது!" என்றார் கால் ஒடிந்தவர்.

"அம்பதுக்குக் கட்டில் காலே வராது! உனக்கு இருக்கறதே ஒரு காலு, உனக்கெதுக்குக் கட்டிலு? அந்த மூலையில யாரு?"

மூலையிலிருந்து ஒருவர் நூறு என்றார். வார்டு சிரித்தது. நர்ஸ் ஓடிவந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். குரல் பழைய குரல் இல்லை. நடுவில் உடைந்தது, காற்றாகிப் போனது, மறுபடி எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தது. எழுத்துக்காரர் வழக்கம்போல் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று திரையிலும் சிவப்புப் புள்ளி எரிகிறதா என்று மாறிமாறிப் பார்த்தபடி இருந்தார்.

"நூறு ஒரு தரம்! நூறு ரெண்டு தரம்!"

தள்ளுவண்டி வந்துவிட்டது. நேரமாயிற்று என்றார்கள். ஏலக்காரர் கையைக் காட்டி அவர்களை நிறுத்தப் பார்த்தார். சத்தம் வரவில்லை. இருமல்தான் வந்தது. அப்படியே படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். மகள் கூடவே ஓடினாள். கதவு மூடியது.

எழுத்துக்காரர் மூன்று பதிவுகளையும் போட்டுப் பார்த்தார். மூன்றிலும் இருந்தது. எந்த ஃபோல்டரையும் நம்பாமல் நேரே மகளின் போனுக்கு அனுப்பினார், மனைவிக்கு அனுப்பினார், கால் ஒடிந்தவரிடம் "அழிச்சிடாதீங்க அண்ணே" என்று கெஞ்சினார்.

நடைபாதை பெஞ்சில் மகளுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தபோது மனைவி அழைத்தாள்.

"தேடி முடிச்சிடுச்சுங்க. ஃபைல் பேரெல்லாம் வரிசையா வருது. தொட்டா எதுவும் திறக்கல. உள்ள ஒன்னுமே இல்ல போல."

"சரி."

அவர் சொல்லாமலே மகளுக்குப் புரிந்தது. தன் போனை எடுத்து, ஒலிப்பதிவை அழுத்தி, இருவருக்கும் நடுவே பெஞ்சில் வைத்தாள்.

"சொல்லுங்க."

"என்னம்மா?"

"அப்பா உங்ககிட்ட என்னென்ன சொன்னாரோ அதையெல்லாம். இன்னிக்கு ஞாபகம் இருக்கும். நாளைக்குப் பாதி போயிடும். சொல்லுங்க. நான் உங்களை மன்னிக்கல. அதுவும் பதிவுல இருக்கட்டும்னுதான் சொல்றேன்."

பிறர் பேச்சைக் கேட்டே பழகிய மனிதர். தன் குரல் பதிவாகிறது என்றதும் முதல் வாக்கியத்தையே மூன்று முறை தொடங்கினார். முகங்களைப் பார்த்தே கேட்ட பழக்கம்தான் கைகொடுத்தது. எந்த இடத்தில் ஏலக்காரர் கண்ணைச் சுருக்கினார், எங்கே தொடையில் தட்டினார் என்று பிடித்துக்கொண்டு போனார். மூட்டை தூக்க வந்த பையன் ஏலத்துக்கு ஏறிய கதையைச் சொன்னார்.

"முதல் ஏலமே தக்காளிக் கூடையாம். ஒருத்தர் சும்மா நின்னுட்டு காதைச் சொறிஞ்சாராம். இவர் அதை விரல் தூக்கினதா நினைச்சு கூடையை அவர் தலையில கட்டிட்டார். அவர் சண்டைக்கு வந்து, வீடு வரைக்கும் வந்து, கடைசியில பொண்ணையே குடுத்துட்டார்னு சொன்னார்."

"காதா?" மகள் திரும்பினாள். "எங்க தாத்தா சொறிஞ்சது மூக்கு. சின்ன வயசுலேர்ந்து கேக்கறேன்."

"என்கிட்ட காதுன்னார்மா. தொட்டே காட்டினார்."

"மூக்குதான்."

"காதும்மா."

அவளுக்கு முதன்முதலாகக் கோபம் வேறு மாதிரி வந்தது. "என் தாத்தாவைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு கதைக்கும் இடையில் புகுந்தாள். இல்லை, அப்படியில்லை, அது அத்தை, சித்தி இல்லை என்று திருத்தினாள். அவர் சொல்ல, அவள் மறுக்க, இருவருமே அறியாமல் பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்துவிட்டார்கள். கேட்டறியாத ஒன்று வரும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு கேட்டாள்.

சாயங்காலம் அவர்களை உள்ளே விட்டார்கள். ஏலக்காரரின் கழுத்தைச் சுற்றிக் கட்டு, குழாய்கள். கண் திறந்திருந்தது. எழுத்துக்காரர் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றுகொண்டார்.

மகள் குனிந்து கையைப் பிடித்தாள். நன்றாக இருக்கிறீர்களா, வலிக்கிறதா என்றெல்லாம் கேட்கத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு.

"அப்பா, முதல் ஏலத்துல தாத்தா சொறிஞ்சது காதா, மூக்கா?"

அவர் மகளைப் பார்த்தார். கால்மாட்டில் நின்றவரைப் பார்த்தார். அவள் பிடியிலிருந்து கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். கை மேலே போனது. காதுக்குப் போகவில்லை, மூக்குக்கும் போகவில்லை. ஆட்காட்டி விரல் மட்டும் நேராக, மண்டியில் விலை கேட்பவன் தூக்குவதைப் போல, உயர்ந்து நின்றது.

"அப்ப தாத்தா நிஜமாவே விலை கேட்டாரா? கேட்டுட்டா இல்லேன்னு சண்டைக்கு வந்தாரு?"

ஏலக்காரரின் தோள் குலுங்கியது. சத்தமே இல்லை.

மகள் கால்மாட்டுப் பக்கம் திரும்பினாள். "பாத்துட்டு நிக்கறீங்களே, எழுதிக்குங்க" என்றாள்.