கோல் போடாதவளுக்குப் பாயிண்ட் இல்லை

என் கொழுந்தனுக்கு ஹாக்கி மட்டையைப் பிடிக்கத் தெரியாது. ஆனால் ஆடுகிற பெண்களை எடைபோட வந்துவிடுவான். மலையடிவாரத்துப் படவேட்டில் அவனும் சிநேகிதர்களும் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபேன்டஸி லீக் நடத்துகிறார்கள். ஆளுக்கொரு கற்பனை டீம். அதில் சேர்ப்பதோ நிஜப் பிள்ளைகளை. மலைமேல் ஜமுனாமரத்தூரில் நான் பி.டி. டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்துப் பெண்களும் அதில் உண்டு. சீசனுக்கு முன்னால் முறை வைத்து ஆளெடுப்பார்கள். எடுத்த பெண் மேட்சில் கோல் போட்டால் எடுத்தவனுக்குப் பாயிண்ட். வேலைவெட்டி இல்லாத கூட்டம், தொலையட்டும் என்று விட்டிருந்தேன்.

இந்த வருஷம் விட முடியவில்லை. அவர்களில் வசதியான ஒருவர், முதல் சுற்றில் எடுக்கப்படும் பெண்களைத் தன் செலவில் வேலூர் பயிற்சி முகாமுக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். அங்கிருந்துதான் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள். என்னிடம் ஒரு பெண் இருக்கிறாள். ஃபுல் பேக். கோலுக்கு முன்னால் நின்று தடுப்பவள். வயது வரம்புப்படி அவளுக்கு இது கடைசி வாய்ப்பு. விடுதி இல்லையென்றால் படிப்பு நின்றது, திருப்பூர் பனியன் கம்பெனிதான். அவர்கள் பேசி வைத்திருந்த பெண்களில் அவள் இல்லை. கொழுந்தனுக்கு போன் போட்டேன்.

"அண்ணி, அது எத்தினி கோல் போட்டுக்குது?"

"அது கோல் வுடாம நிறுத்துற பொண்ணுப்பா."

"அதுக்கு இன்னா பாயிண்ட் தர்றது? நம்ம ரூல்ல இல்லீங்களே."

"உங்கப்பன் வூட்டு ரூலாடா அது?"

"எங்கப்பா உங்க மாமனாருங்க அண்ணி."

பல்லைக் கடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மேலே வந்து நேரில் பார் என்றேன்.

வந்தான். வந்தவன் போய் நின்ற இடம், பஸ் ரோட்டுப் பக்கத்து கோல். அங்கேதான் டீக்கடையும் நிழலும். எங்கள் மைதானம் அந்தப் பக்கம் சரிவு. மேலிருந்து பந்தைத் தொட்டுவிட்டாலே போதும், அதுவாக ஓடும். இந்தப் புத்திசாலி எப்போதும் அங்கே நின்று வீடியோ எடுத்து அனுப்புவான். போனில் சரிவு தெரியாது. கீழே படவேட்டில் இருப்பவர்கள், "பொண்ணு இன்னா ஸ்பீடு பாரு" என்று வாயைப் பிளப்பார்கள்.

முதல் பாதியில் என் பெண் அந்தச் சரிவுக் கோலைக் காத்தாள். பந்து எங்கே வளையும் என்று முன்கூட்டியே தெரிந்து அங்கே போய் நிற்பாள், பந்து அவள் மட்டையில் வந்து சேரும். ஒன்றையும் உள்ளே விடவில்லை. பெருமையோடு கொழுந்தனைப் பார்த்தேன்.

"சும்மா நிக்குது அண்ணி இது. ஓடவே மாட்டேங்குது" என்றான் அவள் காதுபடவே.

அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. இப்போது அவள் காக்க வேண்டியது மேட்டுக் கோல். அதை அப்படியே போட்டுவிட்டு, பந்தைத் தள்ளிக்கொண்டு தனியாகச் சரிவில் இறங்கினாள். நான் கத்தினேன், திரும்பிப் பார்க்கவில்லை. கோல். மறுபடியும் இறங்கினாள், மறுபடியும் கோல். அவள் விட்டு வந்த இடத்தில் எதிர் டீம் நடந்துபோய் கோல் போட்டது. அதை எவனும் படம் எடுக்கவில்லை. மேட்சில் தோற்றோம். கொழுந்தன் கைதட்டினான், வீடியோ பறந்தது, சாயங்காலமே அவளை முதல் சுற்றில் எடுத்துவிட்டார்கள். கோல் போடும் ஃபார்வர்டு என்று.

அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. போய் வா என்று பஸ் ஏற்றிவிட்டேன்.

நேற்று முகாமிலிருந்து போன் செய்தாள். அங்கே தரை சமம். வந்தவர்களில் முக்கால்வாசி ஃபார்வர்டு. இவளை ஓரமாக உட்கார வைத்திருக்கிறார்கள்.

"டீச்சர், இங்க ஃபுல் பேக் ஆட ஆளே இல்ல. யாராச்சும் ஆடுவீங்களான்னு கோச் கேட்டாரு."

"நீ இன்னாடி சொன்ன?"

"நான் கையே தூக்கலீங்க டீச்சர். கோல் போட்றவன்னு சொல்லித்தான கூட்டினு வந்தாங்க. இல்லன்னு தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்பிட மாட்டாங்களா?"

மாட்டார்கள், தைரியமாகச் சொல் என்று சொல்ல வாயெடுத்தேன். அனுப்பினாலும் அனுப்புவார்கள், பாவிகள்.