வலமிருந்து எழுதிய தமிழ்

ஜப்பான்காரன் வந்த வருடம் எனக்குப் பத்தொன்பது வயது. மலாயாவில் லாபு பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்பா கிராணி, கணக்கு எழுதுபவர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டாளத்துச் சாமான்களை அடுக்கி வைக்கப் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளை மரவள்ளி நட அனுப்பினார்கள். எனக்கு வேலையும் போயிற்று, வாசிக்க ஒரு தாளும் கிடைக்கவில்லை.

தோட்டத்து வாசலில் ஒரு மளிகைக் கடை. நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் ஒருவரும் அவர் மனைவியும் நடத்தினார்கள். பாய் என்றால் தராசு, அவ்வளவுதான் அதுவரை எனக்குத் தெரியும். ஒருநாள் உப்புக்காகப் போனபோது உள்ளே அந்த அம்மாள் ராகம் போட்டு ஏதோ வாசிப்பது கேட்டது. ஒரு சொல் விடாமல் புரிந்தது. எட்டிப் பார்த்தால், கையிலிருந்த புத்தகத்தில் எழுத்தெல்லாம் அரபு.

"இது என்ன பாஷைக்கா?"

"நான் வாசிச்சது ஒனக்கு வெளங்குச்சா இல்லியா?"

"வெளங்குச்சு."

"அப்பத் தமிழுதான். அக்கா வேணாம், லாத்தான்னு கூப்புடு."

என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். அவள் ஊரில் பெண்கள் பள்ளிக்கூடம் போவதில்லையாம். குர்ஆன் ஓதப் பழகிய எழுத்திலேயே தமிழையும் எழுதிக்கொண்டார்கள். பாட்டு, கதை, கடிதம் எல்லாமே அந்த எழுத்தில். அரபியில் இல்லாத ழகரத்துக்கும் ளகரத்துக்கும் தனியாக எழுத்து உண்டாக்கி வைத்திருந்தார்கள். நான் என் எழுத்தை அவளுக்குச் சொல்லித் தந்தேன், அவள் தன் எழுத்தை எனக்கு. பள்ளியிலிருந்து தூக்கிவந்த சிலேட்டு ஒன்றுதான் இருவருக்கும்.

"பொம்பளப் புள்ள, பாய் கடையில ஒனக்கென்ன அம்புட்டு வேலை?" என்று அப்பா சத்தம் போட்டார். நான் போவதை நிறுத்தவில்லை.

கல்யாணச் சீரோடு அவள் கொண்டுவந்திருந்த மூன்று புத்தகங்களையும் வாசித்தோம். நபியின் மகள் திரிகை சுற்றிச் சுற்றிக் கை கொப்பளித்த கதையை அவள் வாசித்த அன்று நான் அழுதுவிட்டேன். அவ்வளவு பெரியவரின் மகள் பல்லக்கில் போயிருப்பாள் என்று நினைத்திருந்தேன். நோன்பு மாதத்தில் ஒரு பிடி அரிசிக்கு ஒரு கூடை மரவள்ளி போட்டு அவள் கஞ்சி காய்ச்சினாள். அருகிலிருந்த கம்போங் கிராமத்திலிருந்து மலாய்க்காரர்கள் வந்து அவள் கணவரோடு தொழுது, அதைக் குடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் லயத்து வீடுகளுக்கும் ஒரு வாளி வந்தது. மாரியம்மன் கோயில் பூசாரி முதல் ஆளாக ஏனத்தோடு நின்றார். பசியில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

லாத்தாவின் தங்கை தம்பின் என்ற ஊரில் நிறைமாதமாக இருந்தாள். தபாலை நம்ப முடியாத காலம். கணவர் சைக்கிளில் போகிறார் என்றதும், "ஒன் கையால எழுது புள்ள, நீ எம்புட்டுப் படிச்சிருக்கேன்னு அவளும் பாக்கட்டும்" என்றாள். அவள் சொல்லச் சொல்ல அவள் எழுத்திலேயே நான் எழுதினேன். வெந்தயம் அனுப்பியிருக்கிறேன், பாரம் தூக்காதே, பிள்ளை பிறந்ததும் ஆள் அனுப்பு. எழுதி முடித்ததும் அவள் ஒரே ஒரு பிழையைத் திருத்தினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வழியில் அவரைச் சோதித்த காவலர்கள் கடிதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் உச்சி வெயிலில் அவரைக் கைகட்டி லாரியில் தோட்டத்துக்கே கொண்டுவந்தார்கள். ஆபீஸ் முற்றத்தில் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்தார்கள். ஜப்பான் அதிகாரியோடு வந்த மலாய்ப் போலீஸ்காரர் கடிதத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். மலாய்க்காரர்களும் அரபு எழுத்தில்தான் எழுதுவார்கள், அதை ஜாவி என்பார்கள். "எழுத்து ஜாவி மாதிரி இருக்கு, ஆனா மலாய் இல்ல. சில எழுத்து நான் பார்த்ததே இல்ல" என்றார் மலாயில். சங்கேதக் கடிதம் என்று அதிகாரி முடிவு கட்டிவிட்டான்.

"தமிழுங்க! வீட்டுக் கடுதாசிங்க!" என்று லாத்தாவின் கணவர் கத்தினார். கன்னத்தில் அறை விழுந்தது.

அதிகாரி அப்பாவைக் கூப்பிட்டான். இது தமிழா என்று போலீஸ்காரர் கேட்டார். அப்பா தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கடைக்கு நான் என்ன படிக்கப் போய்வந்தேன் என்பது அவருக்குத் தெரியும். யார் எழுதியது என்பதும் அந்த நேரத்தில் தெரிந்துபோயிருக்கும்.

"இது தமிழ் எழுத்து இல்லீங்க" என்றார் மலாயில்.

அதில் பொய் என்று சொல்ல எதுவும் இல்லை.

"இத வாசிக்கத் தெரிஞ்சவங்க இங்க இருக்காங்களா?"

என்னால் வாசித்திருக்க முடியும். வெந்தயம், பாரம் தூக்காதே, அவ்வளவுதான். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் புரிந்திருக்கும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது லாத்தா முக்காடு நழுவக் கடையிலிருந்து ஓடிவந்தாள். கையில் மூன்று புத்தகங்களையும் அள்ளி வந்திருந்தாள். "இதுவும் அதே எழுத்துதான், நான் வாசிக்கிறேன் கேளுங்க" என்றாள். புத்தகங்களையும் பிடுங்கிக்கொண்டார்கள். பெண்டாட்டி எதைச் சொன்னாலும் புருஷனுக்காகத்தான் சொல்வாள் என்று அவளைத் தள்ளிவிட்டார்கள். எழுதியது யார் என்று கேட்டபோது, "நான்தான்" என்றார் அவள் கணவர். லாத்தா என்னை ஒரே ஒரு முறை பார்த்தாள். என்னைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சிரம்பான் சிறையில் அடைத்து வைத்திருந்துவிட்டு, சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் ஏற்றியபோது அவரையும் ஏற்றிவிட்டார்கள்.

வீட்டில் அப்பா, "உசுரோட இருக்கேல்ல, வாய மூடிக்கிட்டு இருலா" என்றார். நான் எட்டு நாள் அப்படியே இருந்தேன். ஒன்பதாம் நாள் கடைக்குப் போனேன். அவள் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் வாசிக்கல?"

"பயமா இருந்துச்சு லாத்தா."

"எனக்கும் பயந்தான். ஒன்னயக் காட்டிக் குடுக்க எனக்கு வாய் வரல, வாசிக்க ஒனக்கு வாய் வரல. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்காத."

தம்பினுக்கு, தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிவந்த ஒருவர், லாத்தாவின் கணவர் அங்கே வாந்திபேதியில் செத்துப்போனதைத் தம்பினிலும் எங்கள் தோட்டத்திலும் சொன்னார். நான் ரயிலேறி தம்பினுக்குப் போனேன். கதவைத் திறந்த தங்கையின் இடுப்பில் நடக்கிற வயதுப் பிள்ளை. நான் யாரென்று சொன்னதும் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தாள்.

"லாத்தா இத்தால இருக்காங்க. யாரையும் பாக்கக் கூடாது."

இத்தா என்பது கணவன் இறந்த செய்தி தெரிந்ததும் மனைவி வீட்டோடு இருக்கும் நாலு மாதம் பத்து நாள். அந்த நாட்களில் அந்நிய ஆண்கள்தான் பார்க்கக் கூடாது. பெண்கள் தாராளமாகப் போய் உட்கார்ந்து பேசலாம். லாத்தாவே எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது. அது எனக்குத் தெரியும் என்பது உள்ளே இருந்தவளுக்கும் தெரியும்.

சரி என்று சொல்லிவிட்டு ரயிலடிக்கு நடந்தேன்.